டிஎஃப்எஸ்ஏ கணக்கை வங்கியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுவது: காசை நானே எடுத்துப் போடலாமா?

சிறுதுளி
2025 பெப்ரவரி 4

எல்லோருக்கும் வணக்கம். 2014இல் கனடா வந்தேன். அடுத்த வருடமே ஒரு வங்கியில் டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) திறந்து, மாதம் தவறாமல் சம்பளத்திலிருந்து காசு போய்ச் சேரும்படி செய்துவிட்டேன். எல்லாம் அந்த வங்கியின் சொந்த மியூச்சுவல் ஃபண்டில்தான் இருக்கிறது. இன்றைக்கு 83,600 டாலர்.

போன மாதம்தான் அந்த ஃபண்டின் ஆண்டுக் கட்டணம் 2.1 சதவீதம் என்று கண்ணில் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 1,750 டாலர் அளவில் போகிறது. 0.2 சதவீதத்தில் இடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) கிடைக்கும்போது இதைத் தொடர மனமில்லை. ஓர் ஆன்லைன் புரோக்கரிடம் கணக்குத் திறந்துவிட்டேன், இன்னும் காசு போடவில்லை.

நேற்று வங்கிக்குப் போய்க் கதைத்தேன். அங்கிருந்தவர், “டிரான்ஸ்ஃபர் என்றால் 150 டாலர் கட்டணம், ஒரு மாதம் இழுக்கும். ஃபண்டை விற்று உங்கள் செக்கிங் கணக்கில் போட்டுத் தருகிறேன். அங்கிருந்து நீங்களே புதிய கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், இரண்டு நாள் வேலை” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். போகலாமா?

வடலி
2025 பெப்ரவரி 4

சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை மட்டும் வாசித்தாலும் போதும்.

2022 ஏப்ரலில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், வேறொரு வங்கியில். 22,000 டாலரை எடுத்து, மூன்றாம் நாள் புதிய டிஎஃப்எஸ்ஏயில் போட்டேன். ஒரு டிஎஃப்எஸ்ஏயிலிருந்து இன்னொரு டிஎஃப்எஸ்ஏக்குத்தானே போகிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த வருடம் கனடா வரித் துறையான சிஆர்ஏயிலிருந்து கடிதம் வந்தது.

நாம் கையால் எடுத்தால் அது ‘எடுப்பு’. திரும்பப் போட்டால் அது புதிய ‘பங்களிப்பு’. எடுத்த தொகைக்குரிய ரூம், அதாவது இந்தக் கணக்கில் போட அனுமதியுள்ள அளவு, அடுத்த வருடம் ஜனவரி 1ஆம் திகதிதான் திரும்பி வரும். அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்த ரூம் 2,000 டாலர். ஆகவே 20,000 டாலர் கூடுதலாகப் போட்டதாகக் கணக்கு. கூடுதல் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், மாதம் 200 டாலர், மொத்தம் 1,800. அந்த வரிக்கான ஆர்சி243 என்ற படிவத்தை அடுத்த வருடம் ஜூன் 30க்குள் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்கான அபராதமும் வட்டியும் தனியாக வந்து சேர்ந்தன.

ஒரு சதம்கூட லாபம் பார்க்காமல் கட்டிய காசு அது. உங்கள் தொகையோ என்னுடையதைப் போல நாலு மடங்கு. மிச்ச ரூம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஏரிக்கரை
2025 பெப்ரவரி 4

இதற்குப் போய்ப் பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். 2025 வரைக்குமான மொத்த ரூம் 102,000 டாலர். இவரிடம் இருப்பது 83,600. போட்டாலும் வரம்புக்குள்தானே வருகிறது?

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 5

ஏரிக்கரை அண்ணா, இதில் இரண்டு பிழை இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதை நம்பிக் காசை நகர்த்த வேண்டாம்.

முதலாவது: 102,000 என்பது 2009இல் இந்தத் திட்டம் தொடங்கியபோதே 18 வயதாகி, அன்றிலிருந்து கனடாவில் வரி வதிவாளராக இருப்பவருக்கு. பிறகு வந்தவருக்கு, வந்த வருடத்திலிருந்துதான் ரூம் சேரும். சிறுதுளி அக்கா வந்தது 2014. அந்த வருடம் 5,500. 2015இல் மட்டும் 10,000. 2016 முதல் 2018 வரை 5,500 வீதம். 2019 முதல் 2022 வரை 6,000 வீதம். 2023இல் 6,500. பிறகு 2024க்கும் 2025க்கும் 7,000 வீதம். கூட்டினால் 76,500.

இரண்டாவது: ரூமைத் தின்பது நாம் போட்ட தொகை. கணக்கில் இன்றைக்கு என்ன பெறுமதி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் இதுவரை போட்டது எவ்வளவோ அதைத்தான் 76,500இலிருந்து கழிக்க வேண்டும். வளர்ந்த காசு ரூமைத் தொடாது. ஆனால் அந்த வளர்ச்சியையும் சேர்த்து வெளியே எடுத்துத் திரும்பப் போட்டால், அவ்வளவும் புதிய பங்களிப்பாகிவிடும். பலர் விழுகிற இடம் இதுதான்.

சிறுதுளி
2025 பெப்ரவரி 5

நன்றி. பழைய அறிக்கைகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக் கூட்டினேன். இதுவரை போட்டது 71,500. அப்படியானால் மிச்ச ரூம் 5,000தான்.

வங்கிக்காரர் சொன்னபடி செய்திருந்தால் 83,600இல் 5,000 போக 78,600 கூடுதல். மாதம் 786 டாலர். பெப்ரவரி முதல் டிசம்பர் வரை விட்டிருந்தால் 8,646 டாலர். இந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 150 டாலரை மிச்சம் பிடிக்க இதைச் செய்யப் பார்த்தேன்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? வங்கியிடம் போய் டிரான்ஸ்ஃபர் படிவம் கேட்க வேண்டுமா?

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 5

வங்கிக்கே போக வேண்டாம் அக்கா. விண்ணப்பம் தொடங்க வேண்டிய இடம் புதிய நிறுவனம். ஏழு வருடமாக ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இந்த டிரான்ஸ்ஃபர் பகுதியில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிய புரோக்கரின் செயலியிலோ தளத்திலோ ‘கணக்கை இங்கே மாற்று’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பழைய நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், முழுவதுமா பகுதியா, அப்படியேயா காசாகவா என்று கேட்பார்கள். நீங்கள் கையெழுத்திட்டதும் அவர்கள் பழைய வங்கிக்கு அனுப்புவார்கள். வங்கி காசை நேரே அவர்களுக்கு அனுப்பும். நடுவில் உங்கள் செக்கிங் கணக்கில் ஒரு நிமிடம்கூட அந்தக் காசு வந்து நிற்கக் கூடாது. நேரடி டிரான்ஸ்ஃபர் என்றால் எடுப்பும் இல்லை, பங்களிப்பும் இல்லை. உங்கள் 5,000 ரூம் அப்படியே இருக்கும்.

‘அப்படியே’ என்றால் பங்குகளும் இடிஎஃப்களும் விற்கப்படாமல் பெயர் மட்டும் மாறும். ‘காசாக’ என்றால் பழைய இடத்தில் விற்றுவிட்டுப் பணமாக அனுப்புவார்கள். வங்கியின் சொந்த ஃபண்டை வேறு இடத்தில் பெரும்பாலும் வைத்திருக்க முடியாது. அப்படியே மாற்றச் சொல்லி அனுப்பினால் திரும்பி வரும், இரண்டு கிழமை வீணாகும். ஆகவே உங்களுக்குக் காசாக என்பதுதான் சரி. டிஎஃப்எஸ்ஏக்குள் விற்பதால் வரி எதுவும் வராது. நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை வேறு எங்கும் கழிக்கவும் முடியாது. இடையில் சில நாள் நீங்கள் சந்தைக்கு வெளியே இருப்பீர்கள், அதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அனுப்புவதற்கு முன் நாலு காரியம் பார்த்துவிடுங்கள். மாதாமாதம் இந்தக் கணக்குக்குப் போகும் காசை நிறுத்துங்கள். கணக்கு மூடிய பிறகு ஒரு 500 டாலர் போய் எங்கோ தொங்கினால், அதைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். அறிக்கைகளை எல்லாம் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள், மூடிய கணக்குக்குள் பிறகு நுழைய முடியாது. உங்கள் ஃபண்டில் விற்பனைப் பின்கட்டணம் (விற்கும்போது கழிக்கும் கட்டணம்) ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 ஜூன் 1க்குப் பிறகு அப்படிப்பட்ட கட்டணத்தோடு புதிதாக விற்கத் தடை வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் வாங்கியதில் இருக்கலாம். கடைசியாக, 150 டாலர் கட்டணம். அதைக் கணக்கிலிருந்தே கழிப்பார்கள். பல புதிய நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொண்டு வந்தால் அதைத் திருப்பித் தருகின்றன. பெரும்பாலும் தாமாகத் தர மாட்டார்கள், கழித்ததற்கான அறிக்கையை அனுப்பிக் கேட்க வேண்டும்.

ஏரிக்கரை
2025 பெப்ரவரி 5

பிழையைத் திருத்தியதற்கு நன்றி தம்பி. நானும் 2011இல் வந்தவன்தான். இத்தனை நாளும் என்னுடைய ரூமையும் 2009இலிருந்துதான் எண்ணிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, இன்னும் எல்லை தாண்டவில்லை. இன்றே சிஆர்ஏ இணையதளத்தில் மை அக்கவுண்டில் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 6

பாருங்கள் அண்ணா, ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் அங்கே தெரியும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். போன வருடத்து விவரங்களை நிறுவனங்கள் பெப்ரவரி முடிவுக்குள்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தெரிவது, போன வருடம் நீங்கள் போட்டதைக் கழிக்காத எண்ணாக இருக்கலாம். உங்கள் கையில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பதுதான் உறுதியான கணக்கு.

கிளைநதி
2025 பெப்ரவரி 6

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டிஎஃப்எஸ்ஏயில் ஜிஐசியும் (குறித்த காலத்துக்குப் போடும் வைப்பு) இன்னொரு செயலியில் துண்டுப் பங்குகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடியுமா?

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 6

துண்டுப் பங்கு நகராது. 12.4 பங்கு இருந்தால் 12 அப்படியே போகும், 0.4 விற்கப்பட்டுக் காசாகப் போகும்.

ஜிஐசி பெரும்பாலும் முதிர்வுத் திகதி வரை பூட்டுத்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது முதிரும் நாளை. பல இடங்களில் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருப்பார்கள். சனிக்கிழமை முதிர்ந்து, நீங்கள் திங்கட்கிழமை எழும்பிப் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம் பூட்டியிருக்கும். முதிர்வுக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே, ‘முதிர்ந்ததும் டிஎஃப்எஸ்ஏக்குள்ளேயே காசாக வை’ என்று அறிவுறுத்தல் கொடுத்து, டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் முதிர்வுத் திகதியையும் எழுதுங்கள்.

சிறுதுளி
2025 பெப்ரவரி 19

ஒரு சிக்கல். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் என்று ஒரே வரி: ‘பெயர் பொருந்தவில்லை.’ கணக்கு எண்ணை மூன்று தரம் சரிபார்த்தேன், எண் சரி.

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 19

அக்கா, நம் ஆட்களின் விண்ணப்பத்தில் நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கனடா படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு இடத்தில் அப்பாவின் பெயரைப் போடுவோம். கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு இடத்தில் கணவரின் பெயர். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால் வந்திருந்தால் வங்கி அதையே முதல் பெயராக ஏற்றியிருக்கும். இன்னும் சில பேருக்கு முதல் எழுத்து மட்டும் இருக்கும். பார்க்கிறவருக்கு அது இரண்டு வேறு ஆட்கள். இவ்வளவு பெரிய தொகையை அவர் துணிந்து அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது.

பழைய வங்கியின் டிஎஃப்எஸ்ஏ அறிக்கையில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறகு புதிய கணக்கில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சிறுதுளி
2025 பெப்ரவரி 19

இப்போது பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. 2015இல் திறந்தது அப்பாவின் பெயரோடு. அப்பா பெயர் முதல் கட்டத்தில், என் பெயர் இரண்டாம் கட்டத்தில். புதிய கணக்கு ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துத் திறந்தது, அதில் என் பெயரும் கணவர் பெயரும். பத்து வருடமாக வங்கியிலிருந்து அப்பா பெயரில் கடிதம் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேனே தவிர, இதை யோசிக்கவில்லை.

எந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும்?

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 20

சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதற்கே இரண்டு பக்கமும் வர வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு போய் வங்கியில் பெயரைத் திருத்துங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, மாறியதை அறிக்கையில் பார்த்த பிறகு மறுபடி அனுப்புங்கள். வங்கிக்குப் போகும்போது ‘காசை எடுத்துத் தருகிறேன்’ என்று மறுபடி சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

நிலாமுற்றம்
2025 பெப்ரவரி 20

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

என் அப்பா 2019இல் டிஎஃப்எஸ்ஏயை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி மாற்றினார். எல்லாம் சரியாக நடந்தது. 2021இல் அவர் போய்விட்டார். பழைய கணக்கில் தனக்குப் பிறகு காசு போக வேண்டியவராக அம்மாவின் பெயரைப் போட்டிருந்தார், நாங்கள் எல்லோரும் அந்த நினைவில்தான் இருந்தோம். புதிய வங்கியில் கேட்டபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. டிரான்ஸ்ஃபரில் காசு வரும், பெயர் வராது. புதிய கணக்குக்கு நாம் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

காசு அப்பாவின் எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுப் போன சொத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. ஒன்டாரியோ நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, 50,000 டாலருக்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 15 டாலர் கட்டி, மாதக்கணக்காகக் காத்திருந்தோம். அம்மா ஒவ்வொரு கிழமையும் “அந்த வங்கிக் கடிதம் வந்ததோ” என்று கேட்பார். காசுக்காக இல்லை. அப்பா தன்னை எழுத மறந்தாரோ என்கிற வருத்தம் அது. மறக்கவில்லை அம்மா, படிவம்தான் கூட வரவில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

கணவன் மனைவியாக இருந்தால் சக்சஸர் ஹோல்டர் என்று போடுங்கள். அப்படிப் போட்டால் கணக்கு அப்படியே மற்றவருடையதாகிவிடும். அவருடைய சொந்த ரூமையும் தொடாது. பெனிஃபிஷியரி என்று மட்டும் போட்டால் இறந்த நாளன்று உள்ள பெறுமதி வரியில்லாமல் வரும், அதற்குப் பிறகு வளர்ந்ததற்கு வரி உண்டு. துணைவர் தன் ரூமைத் தொடாமல் அதைத் தன் டிஎஃப்எஸ்ஏயில் போட வழி இருக்கிறது, ஆனால் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடம் டிசம்பர் 31க்குள் போட்டு, போட்ட 30 நாளுக்குள் ஆர்சி240 என்ற படிவத்தைச் சிஆர்ஏக்குக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் கடைசி நேரத்தில் செய்தோம். கியூபெக்கில் இருப்பவர்கள் கணக்குப் படிவத்தில் இதைச் செய்ய முடியாது, உயிலில் எழுத வேண்டும்.

வடலி
2025 பெப்ரவரி 20

தங்கச்சி, இதை வாசித்துவிட்டு இப்போதே என் கணக்கைத் திறந்து பார்த்தேன். 2022இல் மாற்றிய கணக்கு. மனைவியின் பெயர் இல்லை. இன்று இரவே படிவம் நிரப்புகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பனிப்புழுதி
2025 பெப்ரவரி 23

இதே இழையில் கேட்கிறேன். மணமுறிவில் டிஎஃப்எஸ்ஏயைப் பிரித்துக் கொடுத்தாலும் அந்த 1 சதவீத வரி வருமா?

மூன்றாம்மாடி
2025 பெப்ரவரி 23

நீதிமன்ற ஆணை அல்லது எழுத்திலான பிரிவு ஒப்பந்தத்தின்படி, இருவரும் பிரிந்து வாழும்போது, நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாகப் போனால் வராது. வாங்குகிறவரின் ரூம் குறையாது. கொடுக்கிறவருக்கு அந்த ரூம் திரும்பியும் வராது. இதிலும் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

சிறுதுளி
2025 மார்ச் 21

வந்துவிட்டது!

பெப்ரவரி 24 பெயர் மாற்றினேன். மார்ச் 3 மறுபடி விண்ணப்பித்தேன். 18ஆம் திகதி காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் செயலியைத் திறந்தால் 82,914 டாலர் என்று இருந்தது. சந்தை கொஞ்சம் இறங்கியிருந்த நாளில் விற்றிருக்கிறார்கள், டிரான்ஸ்ஃபர் கட்டணமும் அதன் மேலான விற்பனை வரியும் போயிருக்கிறது. கட்டணம் கழித்த அறிக்கையைப் புதிய இடத்துக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறேன். இன்று காலை பழைய கணக்கிலிருந்து இன்னும் 11 டாலர் 40 சதம் தனியாக வந்து சேர்ந்தது. என்ன காசு இது?

மூன்றாம்மாடி
2025 மார்ச் 21

விற்ற பிறகு பழைய ஃபண்டிலிருந்து வந்த பகிர்வாக இருக்கும். பங்கு வைத்திருப்பவர்களுக்கு டிவிடெண்டும் இப்படிப் பின்னால் ஓடி வரும். அதுவும் டிரான்ஸ்ஃபராகத்தான் பதிவாகியிருக்க வேண்டும். செயலியில் அந்த வரியில் ‘பங்களிப்பு’ என்று இருந்தால் உடனே எழுதுங்கள்.

சிறுதுளி
2025 மார்ச் 21

‘டிரான்ஸ்ஃபர்’ என்றுதான் இருக்கிறது. நிலாமுற்றம் அக்கா சொன்ன படிவத்தையும் முதல் நாளே நிரப்பிவிட்டேன். சக்சஸர் ஹோல்டர் என்ற கட்டத்தில் கணவரின் பெயர். உறுதிப்படுத்திய மின்னஞ்சலை அச்சடித்து உயிலோடு வைத்திருக்கிறேன்.

சிறுதுளி
2026 மார்ச் 9

ஒரு வருடம் கழித்து இழையை மேலே கொண்டு வருகிறேன், இதை யாராவது தேடி வந்தால் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காக.

ஜனவரியில் சிஆர்ஏ மை அக்கவுண்டில் என் ரூம் 13,000 டாலர் என்று காட்டியது. மூன்றாம்மாடி தம்பி சொன்னது நினைவிருந்ததால் அதில் கை வைக்கவில்லை. என் கொப்பிக் கணக்கு வேறு: 2025இல் வங்கியில் இரண்டு மாதம் போய்ச் சேர்ந்த 1,000, பிறகு புதிய கணக்கில் நான் போட்ட 3,000, ஆக 4,000. அதைக் கழித்தால், 2026க்கான 7,000த்தையும் சேர்த்து 9,000 இருக்க வேண்டும்.

இன்று காலை பார்த்தேன். 9,000. மாற்றிய 82,914 எங்கேயும் பங்களிப்பாக ஏறவில்லை. பக்கத்தை அச்சடித்து, அந்த மின்னஞ்சலுக்குப் பின்னால் கோத்துவிட்டேன்.